பாட எண்கள் மாறிய வருடம்

ஜூலை 3

மீண்டும் விடுதி. தனி அறை. அப்பா கொண்டுவந்து விட்டார்.

மின்விசிறியை எல்லா வேகத்திலும் ஓடவிட்டுப் பார்த்தார். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்த்தார். பிறகு கதவின் உள்தாழ்ப்பாளில் துரு ஏறியிருக்கிறது என்று சொல்லி, பையிலிருந்து திருப்புளியை எடுத்து அதைக் கழற்றினார். நல்லதாக ஒன்று வாங்கி அனுப்புவாராம். அரக்கோணத்தில் ரயில் பட்டறையில் ஃபிட்டர். துரு எது என்று அவருக்குத் தெரியும். நான் பார்த்தவரை தாழ்ப்பாளில் துரு இல்லை.

கிளம்பும்போது சொன்னது: "கதவ ரொம்ப சாத்திக்காத தணிகா. காத்து வரட்டும்."

ஜூலை 4

நிலவியல் துறை அலுவலகம். மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தேன். டைபாய்டு என்று இருக்கிறது. ஒரு வருட டைபாய்டு. எழுத்தர் இரண்டு முறை வாசித்தார். ஒன்றும் கேட்காமல் கோப்பில் சேர்த்தார். கேட்காததற்கு அவருக்கு நன்றி.

பிறகு அவர் சொன்னது கேட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எழுதிவைத்தால் தெளிவாகலாம்.

ஐந்து வருடப் படிப்பு. சேர்ந்து ஆறு வருடங்களுக்குள் முடிக்க வேண்டும். எனக்கு இது ஆறாவது. அதாவது ஏப்ரலுக்குள் முடிக்காவிட்டால் பதிவு தானாக ரத்தாகும். நீட்டிப்பு கிடையாது. அதன் பிறகு நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன்.

இறுதியாண்டுப் பாடங்கள் சிக்கல் இல்லை. சிக்கல் பாட எண் பத்தொன்பது. பாறைகள் எப்படி மடிகின்றன, முறிகின்றன என்கிற பாடம். எல்லோரும் ஸ்ட்ரக்சுரல் என்பார்கள். மூன்றாம் ஆண்டில் படித்திருக்க வேண்டும். நான் படிக்கவில்லை. அதை முடிக்காமல் களப் பயிற்சி முகாமுக்குப் போக முடியாது. முகாம் இல்லாமல் பட்டம் இல்லை.

முகாம் ஜனவரியில். ஸ்ட்ரக்சுரல் எடுப்பவர் விடுப்பில் வெளிநாட்டில் இருக்கிறார். அதனால் இந்த வருடம் அதுவும் ஜனவரியில்.

எளிய கணக்கு. முடியாது.

ஜூலை 7

மெஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நிம்மதி.

ஜூலை 9

வகுப்பு. எனக்கு ஒரு வருடம் பின்னால் வந்தவர்கள் இப்போது என் வகுப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த பெண் திரும்பி, நீங்கள்தானே தணிகைவேல் சீனியர் என்றாள். நஸ்ரின். ஆம்பூர். என்னைப் பற்றி அவர்கள் செட்டில் பேசிக்கொள்வார்களாம். "வேல கெடச்சு ஓமன் போய்ட்டீங்கன்னு சொன்னாங்க. நான் அதெல்லாம் இல்ல, சாமியாராப் போயிருப்பார்னு பந்தயம் கட்டியிருந்தேன்."

உடம்பு சரியில்லை, டைபாய்டு என்றேன். சரி என்று விட்டுவிட்டாள். மதியம் தன்னுடைய டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளி, காலி பண்ணிக் கொடுங்க, இங்க சித்தி வீட்டுல தங்கியிருக்கேன், திருப்பி எடுத்துட்டுப் போனா சித்தி திட்டும் என்றாள். பிரியாணி. சாப்பிட்டு முடித்த பிறகுதான் பசித்திருந்தது தெரிந்தது.

ஜூலை 12

துறைத் தலைவர் கூப்பிட்டார். பேராசிரியர் தில்லைவாணி. முதலாண்டில் பார்த்தபோது இருந்த அதே அறை, ஜன்னல் ஓரம் அதே உயரத்துக்குக் காகிதங்கள்.

என் கணக்கைச் சொன்னேன். ஜனவரியும் ஜனவரியும் மோதுவதால் நான் இங்கே இருப்பதில் பயனில்லை, இந்த வார இறுதியில் ஊருக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்றேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"ஸ்ட்ரக்சுரல ஏன் மூணாம் வருஷம் எடுக்கல?"

"ஏழாம் நம்பர் கேம்ப் மேடம். அது பத்தொன்பது. ஏழு முடிச்சிட்டுத்தான் பத்தொன்பதுன்னு நெனச்சேன்."

சொல்லும்போதே முட்டாள்தனமாக இருந்தது. எங்கள் துறையில் எண்களுக்கு வரிசை கிடையாது. பாடக்குழு எந்தப் பாடத்தை எப்போது ஏற்றுக்கொண்டதோ அந்த வரிசையில் எண். முப்பது நாற்பது வருடமாக அப்படித்தான். முகாம் பழையது, அதனால் ஏழு. முதலாண்டின் முதல் வாரம் நடத்தும் அறிமுகப் பாடம் பின்னால் வந்தது, அதனால் முப்பத்தொன்று. எல்லோரும் யாரோ ஒரு சீனியரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

மேடம் ஒரு காகித ஓரத்தில் 7 என்று எழுதினார். பக்கத்தில் 19 என்று எழுதினார். இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தப்பா நெனக்கலியே நீ" என்றார்.

பிறகு, இந்த வார இறுதியில் ஊருக்குப் போக வேண்டாம், அடுத்த வாரம் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றார்.

ஜூலை 15

அறிவிப்புப் பலகையில்: மாணவர்கள் திட்டமிட்டுப் படிக்க உதவும்பொருட்டுத் துறையின் எல்லாப் பாடங்களுக்கும் புதிய எண்கள் தரப்படும். பழைய எண்களால் குழப்பம் அடைந்த மாணவர்கள் குழுவுக்கு உதவ வரலாம்.

கீழே முதல் பெயர் என்னுடையது. நஸ்ரினின் கையெழுத்து. ஏன் என்று கேட்டேன். "உங்கள விட வழி தவறினவங்க டிபார்ட்மென்ட்லயே இல்ல சீனியர். முழுத் தகுதி உங்களுக்குத்தான்." இரண்டாவது பெயர் அவளுடையது. நீ எங்கே குழம்பினாய் என்றேன். உங்களுக்குத் துணைக்கு என்றாள்.

ஜூலை 17

துறையின் அருங்காட்சியக அறை. கண்ணாடிப் பேழைகளுக்கு நடுவே நீள மேசை. ஒவ்வொரு பாடத்தின் பெயரையும் ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் பரப்பினோம். மின்விசிறிக் காற்றில் பறந்தன. மேடம் பேழையைத் திறந்து கற்களை எடுத்து வைக்கச் சொன்னார். கனிமவியல் மேல் ஒரு குவார்ட்ஸ். நிலத்தடி நீர் மேல் ஒரு சுண்ணாம்புக்கல்.

எண்ணுக்கு மூன்று இலக்கம். முதல் இலக்கம் எந்த ஆண்டு. நடு இலக்கம் எந்தப் பிரிவு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஜூலைப் பருவம், இரட்டைப்படை என்றால் ஜனவரி. எண்ணைப் பார்த்தாலே எப்போது எடுப்பது என்று தெரியும். ஒரு சீனியரும் தேவையில்லை.

தொல்லுயிரியல் எடுக்கும் ஆரோக்கியசெல்வம் சாருக்குத்தான் மனசில்லை. அவருடைய பாடம் பழைய வரிசையில் மூன்று. புதிதில் நானூற்று முப்பத்தொன்று. "வந்த நாள்லேர்ந்து நான் மூணு மேடம். பஸ்ல பாத்தாக்கூட பசங்க மூணு சார்னுதான் கூப்பிடுவாங்க." இனி நானூற்று முப்பத்தொன்று சார் என்று கூப்பிடுவோம் சார் என்றாள் நஸ்ரின். அவர் அதை யோசித்துப் பார்த்தார். கொஞ்சம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

என் வேலை: எதற்கு முன்னால் எது என்று சொல்வது. ஒவ்வோர் இடத்திலும் நான் எங்கே தவறினேனோ அதைச் சொன்னால் போதும். எல்லோரும் அட்டையை நகர்த்தினார்கள். என் தவறுகள் முதல் முறையாக எதற்கோ பயன்பட்டன.

ஜூலை 18

ஸ்ட்ரக்சுரல் அட்டை இன்று வந்தது. மூன்றாம் ஆண்டு, இரண்டாம் பிரிவு. முகாமுக்கு முன்னால் வந்தாக வேண்டும். 321 என்றார் மேடம்.

ஒன்றில் முடிந்தால் ஜூலை, இந்த வருடம் எடுக்க ஆள் இல்லையே என்று ஆரோக்கியசெல்வம் சார் நினைவுபடுத்தினார். இந்த ஒரு முறை ஜனவரியில் நடத்தலாம், எண் அடுத்த வருடத்திலிருந்து சரியாகிவிடும் என்றார். நியாயம்தான்.

"நம்பர்ல ஜூலைன்னு போட்டுட்டு ஜனவரில நடத்தினா பழைய நம்பரே தேவலாம் சார். நான் எடுக்கறேன். காலைல எட்டு மணி."

மேடம் அதை எடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. நிர்வாக வேலை கழுத்து வரை. நான் அட்டையின் மேல் இருந்த கல்லைச் சரியாக வைத்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மேடம் என் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை ஜனவரியில் நடத்தினாலும் ஒரு நட்டமும் இல்லை. அவர்களுக்கு முகாம் இன்னும் இரண்டு வருடம் தள்ளி. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.

ஜூலை 22

எட்டு மணி வகுப்பு. மூன்றாம் ஆண்டு மாணவர்களோடு நான். மேடம் தன் மேசை விரிப்பை எடுத்துவந்து இரண்டு பக்கமும் கையால் தள்ளினார். நடுவில் சுருக்கம் விழுந்தது. மெதுவாகத் தள்ளினால் மடியும், வெடுக்கென்று தள்ளினால் கிழியும் என்றார். விரிப்பில் ஒரு பழைய காபிக் கறை. கறை மடிப்பின் உச்சிக்குப் போனது. குறித்துக்கொண்டேன்.

ஜூலை 24

புதிய எண்களுக்கு எதிரே பழைய எண்களையும் போட்டு ஓர் இணைப் பட்டியல் தட்டச்சு செய்யச் சொன்னார் மேடம். பழைய எண்ணில் விட்டுப்போன பாடத்தைப் புதிய எண்ணில் எழுதுகிறவர்களின் மதிப்பெண்ணைத் தேர்வுப் பிரிவு அதை வைத்துத்தான் ஏற்கும். பாடக்குழுவில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். துணைவேந்தர் வரை போக வேண்டும்.

அப்படி யார் மிச்சம் மேடம், ஒருத்தன்தானே என்றேன்.

"ஒருத்தன் இருக்கானே" என்றார்.

தட்டச்சு செய்தேன்.

ஜூலை 25

இட்லி நன்றாக இருந்தது. இதை எழுதக் காரணம் வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 30

புதிய எண்களின் வரைபடம் மாட்டப்பட்டது. வரைந்தது ஆரோக்கியசெல்வம் சார். ஆள் உயரம். பாறை அடுக்குகளை வரைவது போலவே வரைந்திருக்கிறார். பிரிவுக்கு ஒரு வண்ணம். அடியில் முதலாண்டு, அதன்மேல் இரண்டாம் ஆண்டு, இப்படி ஏறி ஏறி உச்சியில் 502, களப் பயிற்சி முகாம். ஆசிரியர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். மிகத் தெளிவு என்றார்கள். எனக்கும் தெளிவாகத்தான் இருந்தது.

முகாமுக்குப் பெயர் தருகிற தாள் அலுவலக வாசலில் தொங்குகிறது. ஒரு பேருந்துதான். இடம் நிரம்பினால் மூடிவிடுவார்கள். நாளை எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 1

நாளை.

ஆகஸ்ட் 2

காய்ச்சல்.

ஆகஸ்ட் 3

காய்ச்சல். சுட்டெடுக்கிற காய்ச்சல் அல்ல. வெயில் ஜன்னல் வழியாக வந்து சுவர் வரை போய்த் திரும்பியது.

ஆகஸ்ட் 5

நேற்று எழுதவில்லை. இன்றையதை முழுவதும் எழுதுகிறேன்.

காலையில் காவலாளி கதவைத் தட்டினார். நான் எழவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு. தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஒரு பொண்ணு கேட்டுல நிக்குது தம்பி, நீ வராம போகாதாம் என்றார்.

வெளியே போனேன். நஸ்ரின். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றாள். முகாம் தாள் நிரம்பிவிட்டது என்றாள். என் பெயர் இல்லை. அவளும் நேற்று சாயங்காலம்தான் பார்த்தாளாம். அவள் பெயரும் இல்லை.

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். பெரிய நிம்மதி. இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்பாடான்னு இருக்குல்ல?"

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மூஞ்சி கழுவிட்டு சட்ட மாத்திட்டு வாங்க. நான் இங்கயேதான் நிப்பேன். நெழல்ல கூட நிக்க மாட்டேன். எனக்கு மயக்கம் வந்தா அது உங்க பொறுப்பு சீனியர்."

அவள் வெயிலில் நின்றதால்தான் போனேன். வேறு காரணம் இல்லை.

அலுவலக வாசலில் தாளை வாசித்தோம். மேலிருந்து கீழ் வரை ஒரு பெயர்கூடத் தெரிந்த பெயர் இல்லை. எங்கள் வகுப்பில் யாருமே இல்லை. நஸ்ரின் விரலை வைத்துத் திரும்ப வாசித்தாள். அப்போது ஒரு பெண் வந்து, அக்கா, வெயிட்டிங் லிஸ்ட் உண்டா என்று கேட்டாள். எந்த ஆண்டு என்றோம். முதலாண்டு. சேர்ந்து ஒரு வாரம், வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. கையில் புது ஷூ டப்பா.

எல்லோரும் முதலாண்டு. வரைபடத்தைத் தாள் வாசிப்பது போல் மேலிருந்து வாசித்திருக்கிறார்கள். மேலே என்ன இருக்கிறதோ அதுதானே முதலில். ஐந்து என்று ஆரம்பிக்கிறதே என்று ஒரு பையனைக் கேட்டால், அது ரூம் நம்பர்னு நெனச்சோம் என்கிறான். பூமியைப் பற்றி இன்னும் ஒரு வகுப்புகூடக் கேட்காத பிள்ளைகள் மலை ஏறிப் பாறை அளக்கப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவனுடைய அப்பா லீவு போட்டு வழியனுப்ப வருவதாக இருந்ததாம்.

ஆரோக்கியசெல்வம் சாருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தப் பெண்ணிடம் மிகவும் பரிவாகக் கேட்டார்: "பழைய பாறை அடியிலதானேம்மா இருக்கும்? மேலேர்ந்து எப்படிம்மா ஆரம்பிச்சீங்க?" அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். உலகத்தில் எல்லோரும் மேலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். இந்த ஒரு கட்டடத்தில்தான் கீழிருந்து. இத்தனை பேர் உட்கார்ந்து, இத்தனை நாள் வேலை செய்து, ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

மேடம் வெளியே வந்தார். தாளைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. குரல் கரகரத்தது. பேசி மூன்று நாள் ஆகியிருந்தது.

புதுத் தாள் ஒட்டினார்கள். நஸ்ரின் பேனாவை என்னிடம் கொடுத்து, முதல்ல நீங்க என்றாள். எழுதினேன்.

ஆகஸ்ட் 7

வரைபடத்தைத் தலைகீழாக மாற்றலாமா என்று துறைக் கூட்டம். ஆரோக்கியசெல்வம் சார் ஒப்புக்கொள்ளவில்லையாம். பழையதைப் புதியதன் மேல் வைப்பதற்குத் தன் கை வராது என்றாராம். கடைசியில் பக்கவாட்டில் ஒரு பெரிய அம்புக்குறி, கீழிருந்து மேலாக. மேடம் முதலாண்டு மாணவர்களை வரைபடத்தின் முன் நிறுத்தி, ஏன் இந்தத் துறையில் கீழிருந்து வாசிக்கிறோம் என்று சொன்னார். அவர்களுக்கு அதுதான் முதல் பாடமாக அமைந்தது.

செப்டம்பர் 4

புதன்கிழமைகளில் நகரத்துக்குப் போய் வருகிறேன். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். காலையில் தலை கனப்பது குறைந்திருக்கிறது.

321 வாரத்தில் நான்கு நாள். புதன்கிழமை மட்டும் இல்லை. நேர அட்டவணை அப்படி அமைந்தது.

செப்டம்பர் 19

மழை. வகுப்பில் மேடம் ஒரு முறிவுக் கோட்டைத் தப்பாக வரைந்துவிட்டு, மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் சொன்னதும் அழித்தார். "விட்டுப்போச்சுல்ல, திரும்பப் புடிக்க நாளாகுது" என்றார். பொதுவாகச் சொன்னார். எல்லோருக்கும்.

அக்டோபர் 11

நஸ்ரின் மண்ணியல் செய்முறையில் என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். நான் மெதுவாக எழுதுவேன் என்றேன். தெரியும், அதனால்தான் என்றாள், வேகமாக எழுதுகிறவர்களோடு சேர்ந்தால் தனக்கு வேலை கூடுமாம். அவள்தான் வகுப்பிலேயே வேகம்.

நவம்பர் 27

321 தேர்வு எழுதினேன். மேசை விரிப்பை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

டிசம்பர் 20

தேர்ச்சி. மதிப்பெண் பட்டியலில் 321. அதன் எதிரே சிறிய எழுத்தில் "பழைய எண் 19-க்கு இணை". துணைவேந்தர் வரை போய் வந்த வரி.

ஜனவரி 21

முகாம். கரூர்ப் பக்கம் ஒரு மலையடிவாரம். பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கல். காலையில் பனி, பத்து மணிக்கு மேல் கல் சுடுகிறது.

இன்று நானும் நஸ்ரினும் ஓடைக் கரையில் ஒரு மடிப்பைத் தொடர்ந்து போனோம். சாய்வு அளப்பது நான், எழுதுவது அவள். ஓரிடத்தில் அளவுகள் ஒத்துவரவில்லை. திரும்பத் திரும்ப அளந்தேன். பிறகு மணற்பாறையில் பழைய அலைத் தடம் தெரிந்தது. தலைகீழாக. அடுக்கு முழுவதும் புரண்டிருந்தது. பழையது மேலே, புதியது கீழே.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நஸ்ரின் கையை வாயருகே குவித்துச் சத்தமாகக் கூப்பிட்டாள்: "நானூத்து முப்பத்தொண்ணு சார், கொஞ்சம் இங்க வாங்க." ஆரோக்கியசெல்வம் சார் வந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். விதிவிலக்கு என்றார்.

ஜனவரி 23

புறத் தேர்வாளர் பாறையின் முன் நிறுத்தி என்னைக் கேள்வி கேட்டார். நீண்ட நேரம். நடந்ததை வரிசையாகச் சொல்ல முடிந்தது. முதலில் படிந்தது, பிறகு அழுந்தியது, பிறகு மடிந்தது, பிறகு புரண்டது. சரி என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இரவு சாப்பாட்டுக்கு நஸ்ரின் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டைபாய்டுக்கு இப்போதும் புதன்கிழமைதான் டாக்டரா என்றாள். ஆமாம் என்றேன். அவளுடைய சித்தப்பாவுக்கும் ஒரு தடவை வந்ததாம், கடையைத் திறக்காமல் ஒரு வருடம் வீட்டில் இருந்தாராம், இப்போது நன்றாக இருக்கிறாராம், பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாதாம். ரசம் ஊத்திக்கோங்க சீனியர் என்றாள். ஊற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 16

சொல்லாமல் அப்பா வந்தார். கையில் பொட்டலம். தாழ்ப்பாள். பித்தளை. "இப்பதான் நல்லதாக் கெடச்சுது" என்றார். அரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பழைய துளைகளிலேயே பொருத்தினார். போட்டு, எடுத்து, போட்டு, எடுத்துக் காட்டினார். என்னையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். நான் உள்ளிருந்து போட்டேன். அவர் வெளியே நின்றார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு நான் திறந்தேன். சரியாக இருக்கிறது என்றார். கண் சிவந்திருந்தது. பயணத் தூசி.

மெஸ்ஸில் சாப்பிட வைத்து அனுப்பினேன். சாம்பாரை இரண்டு முறை வாங்கினார்.

ஏப்ரல் 24

கடைசித் தேர்வு முடிந்தது. நஸ்ரின் ஊருக்குக் கிளம்பினாள். பேருந்து நகர்ந்த பிறகு ஜன்னலிலிருந்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. தலையாட்டினேன்.

மே 22

முடிவு வந்தது. முடித்துவிட்டேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். பட்டறை இரைச்சல். இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது அவருக்கு முதலிலேயே கேட்டிருந்தது என்று புரிந்தது. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று இருந்திருக்கிறார்.

மே 28

மேடத்துக்கு நன்றி சொல்லப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் விடவில்லை. உட்கார், இதைப் படி, புரிகிறதா சொல் என்று தட்டச்சுத் தாள்களை நீட்டினார். ஜூலையில் சேர்கிறவர்களுக்கான கையேடு. எண்களின் விளக்கம், எந்த ஆண்டில் எது, எதற்கு முன் எது. இந்த வருடம் முதலாண்டில் யாருடைய பாடமும் விட்டுப்போகவில்லையாம். அதை ஏதோ வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

கடைசிப் பக்கம் புதிது. இடையில் நின்றுபோய்த் திரும்பி வருகிறவர்களுக்கு. எங்கிருந்து தொடங்கலாம், எந்தப் பழைய பாடத்துக்கு எது இணை, எவ்வளவு காலம் இருக்கிறது. முடிவில் ஒரு வரி: "அலுவலகத்துக்கு வரும் முன் பேச விரும்பினால், மாணவர் தொடர்பு." அதன் பிறகு வெற்றிடம்.

யார் பெயர் மேடம் என்றேன். தெரியவில்லை, யாரும் கிடைக்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார். வேறு தாள் ஒன்றைப் பார்க்கத் தொடங்கினார்.

பேனா எடுத்தேன்.

"யோசிச்சுட்டு எழுது தணிகைவேல். எப்ப வேணா கூப்பிடுவாங்க."

பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதினேன். எண்ணை ஒருமுறை சரிபார்த்தேன்.

நன்றி என்று சொல்ல மறந்து வந்துவிட்டேன்.

ஜூன் 14

துறையிலேயே நிலத்தடி நீர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளப்பது. கால் வலிக்கிறது. தூக்கம் வருகிறது.

ஜூலை 2

மதியம், மணப்பாறைப் பக்கம் ஒரு கிணற்றடியில் நிற்கும்போது அழைப்பு. தெரியாத எண். அண்ணா, கையேட்டில் உங்கள் நம்பர் இருந்தது என்றாள் ஒரு பெண். பெயர் சொன்னாள். இரண்டு வருடம் முன்பு முதலாண்டில் இரண்டு மாதம் வந்தாளாம், பிறகு வரவில்லையாம். இப்போது திரும்ப வரலாமா என்று கேட்கத்தான். உடம்பு சரியில்லாமல் இருந்தது என்றாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை.

அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனேன்.

"நானும் ஒரு வருஷம் ரூம விட்டு வெளிய வரலம்மா" என்றேன்.

யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதியதில்லை.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் எங்கோ குக்கர் சத்தம். காத்திருந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை.

"ஃபர்ஸ்ட் எந்த நம்பர் எடுக்கணும்ணா?"

நூற்றொன்று என்றேன்.

எழுதிக்கொள்கிறாள் என்று தெரிந்தது.